பகத் சிங்கை வணங்குவோரும் அவர் வணங்க மறுத்ததும்

மார்ச் 23 வந்துவிட்டால் பகத் சிங்கின் படத்துக்கு மாலை சூட்டாத கட்சியே இந்நாட்டில் இல்லை என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. அவரைத் தூக்கிலிட்ட ஏகாதிபத்தியத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவரைத் தம் ஆசானாகக் கொண்டாடுவோரும் அந்நாளில் மாலையோடு வந்து நிற்கின்றனர். படத்தில் மஞ்சள் தலைப்பாகை. பின்னணியில் காவிச் சூரியன். ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்று அறியப்பட்ட புகைப்படங்கள் நான்கே. அவற்றில் எதிலும் அந்த மஞ்சள் தலைப்பாகை இல்லை. நான்கில் ஒன்று, கயிற்றுக் கட்டில் ஒன்றில் கைவிலங்குடன், தலைமயிரை முடிந்தபடி, விசாரிக்கும் அதிகாரியின் எதிரே அவர் அமர்ந்திருக்கும் படம். 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் லாகூரில் கைது செய்யப்பட்டபோது எடுக்கப்பட்டது அது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாலையிட அவர்கள் துணிய மாட்டார்கள். அந்தக் கட்டிலில் அமர்ந்திருந்த நாட்களில்தான், இருபது வயதுகூட நிரம்பாத அந்த இளைஞர், கடவுளிடம் பிரார்த்திப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அச்செய்தியை அவரே எழுதி வைத்திருக்கிறார். லாகூர் இரயில்வே காவல் நிலையத்தில் ஒரு மாதம் அவரைப் பூட்டி வைத்த போலீசார், காக்கோரி வழக்கிலும் 1926 தசரா குண்டுவெடிப்பிலும் அவரைச் சேர்த்துத் தூக்குக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினர். அப்ரூவராக மாறினால் விடுதலை என்று ஆசை காட்டினர். இரண்டும் பலிக்காதபோது மூன்றாவதாக ஒரு வழியைக் கையாண்டனர். நாள்தோறும் இரு வேளை கடவுளைத் தொழும்படி சில அதிகாரிகள் அவருக்கு அறிவுரை கூறத் தொடங்கினர். காலனியப் போலீசுக்குக் கைதியின் ஆன்மாவின் மீது இவ்வளவு அக்கறை ஏன் வந்தது? தொழுகின்ற மனம் தளர்ந்த மனம், தளர்ந்த மனம் பேசும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பகத் சிங்குக்கும் தெரிந்தது. ஆனால் போலீசுக்கு எதிரான பிடிவாதமாக மட்டும் அவர் அதைக் கருதவில்லை. தன் நாத்திகம் வசதியான நாட்களுக்கு மட்டும் உரியதுதானா, தூக்குக் கயிறு கண்முன் ஆடும்போதும் நிற்குமா என்று தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். நெடிய சிந்தனைக்குப் பிறகு, நம்பவோ தொழவோ தன்னால் இயலாது என்று கண்டார், ஒருமுறைகூடத் தொழவில்லை.

1930 அக்டோபர் முதல் வாரத்தில், தீர்ப்பு ஒரு வாரத்துக்குள் வரும் என்றும் அது என்னவாக இருக்கும் என்றும் நன்கறிந்த நிலையில், லாகூர் மத்தியச் சிறையில் அவர் எழுதிய கட்டுரைதான் 'நான் ஏன் நாத்திகன்?'. மரண தண்டனை அக்டோபர் 7 அன்று அறிவிக்கப்பட்டது; 1931 மார்ச் 23 அன்று நிறைவேற்றப்பட்டது. கட்டுரை அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று, லாலா லஜபதி ராய் தொடங்கிய 'தி பீப்பிள்' வார இதழில் வெளிவந்தது. தமிழில் அதைத் தோழர் ஜீவா மொழிபெயர்த்தார். ஈரோட்டிலிருந்து நூலாக வெளிவந்தது. வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியையும் மொழிபெயர்த்த ஜீவாவையும் பிரிட்டிஷ் அரசு கைது செய்தது. எழுதியவரைத் தூக்கிலிட்ட பிறகும் எழுத்தைக் கண்டு அரசு அஞ்சியது. அந்த எழுத்தை நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் முழுமையாகப் படித்திருக்கிறோம்? தலைப்பை அறிந்தவர்கள் பலர். உள்ளே இருப்பதை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுரை ஒரு குற்றச்சாட்டுக்கான மறுப்பாகவே தொடங்குகிறது. முதல் லாகூர் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டு நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த பாய் ரந்தீர் சிங், பகத் சிங்கைக் கண்டு பேசி, அவருடைய நாத்திகம் புகழால் விளைந்த அகந்தை என்று கடிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. நண்பர்கள் சிலரும் அப்படியே கருதினர். பகத் சிங் கோபிக்கவில்லை. அகந்தை தன்னிடம் இருக்கிறதா என்று முதலில் ஆராய்கிறார். பிறகு, சட்டமன்றக் குண்டு வழக்குக்கும் புகழுக்கும் முன்பே, பெயர் அறியப்படாத கல்லூரி மாணவனாக இருந்தபோதே தன் நம்பிக்கை கரையத் தொடங்கியதைப் படிப்படியாக எடுத்துரைக்கிறார்.

அந்தப் படிகளைக் கவனிக்க வேண்டும். பாட்டனார் உறுதியான ஆரிய சமாஜி. லாகூர் டி.ஏ.வி. பள்ளி விடுதியில் காலை மாலைப் பிரார்த்தனை போக, மணிக்கணக்கில் காயத்ரி மந்திரம் ஓதியவர் பேரன். தேசியக் கல்லூரியில் மதங்களைக் குறித்து விவாதிக்கத் தொடங்கிய பிறகும் கடவுள் நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை. முடி வெட்டாமல் சீக்கியத் தோற்றத்தோடு இருந்துகொண்டே அம்மதத்தின் கோட்பாடுகளை ஏற்க முடியாதவராக இருந்தார். புரட்சிக் கட்சியில் சேர்ந்தபோது தலைவர்கள் பலரும் ஆத்திகர்கள். 1925 ஜனவரியில் நாடெங்கும் பரப்பப்பட்ட 'புரட்சியாளன்' பிரசுரத்தை எழுதிய சச்சீந்திரநாத் சன்யால் அதில் இறைவனின் திருவிளையாடலைப் போற்றியிருந்தார். காக்கோரி வழக்கில் 1927 டிசம்பரில் தூக்கு மேடை ஏறிய நால்வரில் ராம்பிரசாத் பிஸ்மில் ஆரிய சமாஜி. அஷ்பாகுல்லா கான் தொழுகை தவறாத முஸ்லிம். சோஷலிச நூல்களைக் கற்ற ராஜேந்திர லாஹிரியாலும் கீதையையும் உபநிடதத்தையும் ஓதாமல் இருக்க முடியவில்லை. இவர்களுக்கு நடுவே ஓர் இளைஞன் ஐயுறத் தொடங்கினான். காக்கோரிக் கைதுகளுக்குப் பின் பொறுப்பு இளைஞர்கள் தோளில் விழுந்தபோது, எதிரிகளின் வாதங்களுக்கு விடை சொல்லும் பொருட்டும் தன் கொள்கையைக் காக்கும் பொருட்டும் படி, படி என்று உள்ளம் உந்தியதாக எழுதுகிறார். பக்கூனின், கொஞ்சம் மார்க்ஸ், நிறைய லெனின், ட்ராட்ஸ்கி. 1926 முடிவதற்குள் அவர் நம்பிக்கையற்றவராகிவிட்டார்.

ஆக, இது ஒரே இரவில் பெற்ற 'ஞானோதயம்' அன்று. நம்பிக்கை, ஐயம், மறுப்பு என்று சில ஆண்டுகள் நடந்த பயணம். இயக்கத்தின் தேவையே அவரை அதில் நடத்திச் சென்றது. இன்னொன்றும் இருக்கிறது. நம்பிக்கையாளர்களான பிஸ்மிலையும் லாஹிரியையும் அவர் ஓரிடத்திலும் எள்ளி நகையாடவில்லை. அவர்கள் கடைசி நாளைப் பிரார்த்தனையில் கழித்ததைச் சொல்கிற இடத்திலும் மரியாதை குறையவில்லை. தனக்கு அந்த ஆறுதல் இல்லை என்று மட்டுமே சொல்கிறார். கழுத்தில் கயிறு இறுகும் நொடியே தன் கடைசி நொடி, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை என்று அறிந்தே அங்கே நிற்கப் போவதாகக் கூறுகிறார். மறுபிறவியில் அரச போகத்தை இந்துவும் சுவர்க்கத்தை முஸ்லிமும் கிறித்துவரும் எதிர்பார்க்கலாம். தனக்கு எந்தப் பரிசும் இல்லை என்பவர், பரிசை நாடாத தியாகத்தை அகந்தை என்பது எவ்வாறு என்று கேட்கிறார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு நேரான விடை வரவில்லை. வந்ததெல்லாம் 'கடைசியில் அவர் மனம் மாறினார்' என்ற கதைதான்.

அந்தக் கதையைக் குறித்துச் சற்று நின்று பேசியாக வேண்டும். இறந்துபோன நாத்திகர்களின் மரணப் படுக்கையருகே ஒரு புரோகிதரைக் கொண்டுவந்து நிறுத்துவது உலகெங்கும் உள்ள பழைய தந்திரம். வால்ட்டேரைக் குறித்தும் டார்வினைக் குறித்தும் இத்தகைய கதைகள் கட்டப்பட்டன. பகத் சிங் இதை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். கடைசி நாட்களில் நீ நம்பத் தொடங்குவாய் என்று ஒரு நண்பர் கூறியபோது, அவ்வாறு நேர்ந்தால் அதைத் தன் சீரழிவாகவும் மன உறுதியின் முறிவாகவும் கருதுவேன் என்றார். தன் கையால் எழுதிய இந்த வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு, பிறர் சொன்னதை ஆதாரமாக எடுப்பவர்களுக்கு வேண்டியது பகத் சிங்கின் வீரம் மட்டுமே. அவருடைய அறிவு வேண்டியதில்லை.

அவருடைய அறிவு ஏன் அவர்களுக்கு ஆபத்தானது? கடவுள் உண்டா இல்லையா என்ற தத்துவ வினாவோடு அவர் நின்றிருந்தால் ஆபத்து குறைவு. அவர் சொத்துடைமையைக் குறித்துக் கேட்டார். எல்லாம் வல்லவன் என்றால், முதலாளிகளின் உள்ளத்தில் புகுந்து உற்பத்திச் சாதனங்களின் மீதான தனியுடைமையைக் கைவிடச் செய்ய அவனால் ஏன் இயலவில்லை என்றார். முற்பிறவி வினைக்குத் தண்டனையாகவே தீண்டத்தகாத குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது என்போரிடம், கற்கும் உரிமையை அக்குழந்தைக்கு மறுத்தவர்கள் யார், வேதத்தைக் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னவர்கள் யார், அந்தக் குற்றத்துக்குத் தண்டனை யாருக்கு என்றார். பிரிட்டிஷ் ஆட்சி இங்கே இருப்பது இறைவன் விரும்பியதால் அன்று. அவர்களிடம் துப்பாக்கியும் போலீசும் இராணுவமும் இருப்பதாலும் நாம் எதிர்க்கத் துணியாததாலும்தான் என்றார். இந்த மூன்று வாதங்களையும் இன்றைய இந்தியாவின் மீது வைத்துப் பாருங்கள். கார்ப்பரேட் குவியல், சாதிய ஒடுக்குமுறை, 'அவதாரமாக' முன்னிறுத்தப்படும் ஆட்சித் தலைமை ஆகிய மூன்றின் மீதும் அவை நேராகப் பாய்கின்றன. மாலை போடுகிறவர்கள் நூலைத் திறக்காததன் காரணம் இதுவே.

நாத்திகம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சங் பரிவாரம் சொல்லி வருகிறது. சார்வாகம் எந்தக் கப்பலில் வந்தது? மாதவர் 14ஆம் நூற்றாண்டில் எல்லாத் தரிசனங்களையும் தொகுத்தபோது முதல் அத்தியாயத்தையே மறுப்பதற்காகச் சார்வாகருக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. வேதத்தைக் கட்டிக்காத்த பூர்வ மீமாம்சையே படைப்புக் கடவுள் தேவையில்லை என்று வாதிட்டது. பௌத்தமும் சமணமும் படைத்தவன் ஒருவனை ஏற்கவில்லை. தமிழில் மணிமேகலை சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் பூதவாதியும் ஒருவனாக நின்று தன் கொள்கையைச் சொல்கிறான். தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளியிட்ட 'லோகாயதம்' இந்த மரபைத் தோண்டியெடுத்து நம் கையில் தந்திருக்கிறது. இருந்தும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்ற பெருமிதம் எதிரியின் களம். அதில் நாம் ஆட வேண்டியதில்லை. ஒரு கருத்து உண்மையா என்பதை அதன் பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. லோகாயதர்களின் சொந்த நூல்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை, மறுத்தவர்களின் மேற்கோள்களிலிருந்தே அவர்களை அறிகிறோம் என்பதே இங்கே நாம் பேச வேண்டிய வரலாறு. கருத்துகள் தோற்றுப்போவது வாதத்தில் மட்டும் அல்ல.

அரசமைப்புச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச்.வி.காமத் அரசமைப்பு மன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. எதிர்த்துப் பேசியவர்கள் நாத்திகர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பட்டம் தாணுப்பிள்ளை இறை நம்பிக்கையாளர். நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு, இந்தத் திருத்தம் நம்பிக்கையைக் கட்டாயமாக்கும் என்று வாதிட்டார். ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அப்படியே எதிர்த்தார். 25ஆவது பிரிவு முதலில் சொல்வது மனச்சான்றின் சுதந்திரத்தை. மதத்தைக் கைக்கொள்ளும் உரிமை அதற்குப் பின்புதான் வருகிறது. மூன்றாம் அட்டவணையில் அமைச்சருக்கும் உறுப்பினருக்கும் 'கடவுளின் பெயரால்' என்றும் 'உளமார' என்றும் இரண்டு உறுதிமொழிகள் உண்டு. 2014இல் பம்பாய் உயர்நீதிமன்றம், அரசுப் படிவங்களில் மதத்தை எழுதும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது, எம்மதமும் இல்லை என்று கூறும் உரிமையும் 25ஆவது பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. தெருவில் இருப்பது வேறு. மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவை நிறுவிய மருத்துவர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தோழர் கோவிந்த் பன்சாரே 2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில் சுடப்பட்டு 20ஆம் தேதி உயிர் நீத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் எம்.எம்.கல்புர்கி. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் கௌரி லங்கேஷ். இந்நால்வரில் தாபோல்கர் கடவுளை மறுக்கும் பிரச்சாரத்தையே தன் அமைப்பின் பணியாகக் கொள்ளவில்லை. கடவுளின் பெயரால் நடக்கும் சுரண்டலையே எதிர்ப்பதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். பன்சாரே எழுதியது சிவாஜி யார் என்பதைக் குறித்து. கல்புர்கி வசன இலக்கிய ஆய்வாளர். ஐயத்தின் முதற்படியில் நிற்பவனையே சுடுகிறார்கள் என்றால், இது கடவுளைக் காக்கும் போர் அன்று. பக்தியை முதலீடாக்கி நடக்கும் வணிகத்தையும் அரசியலையும் காக்கும் போர். தாபோல்கர் பல ஆண்டுகள் கோரிய சட்டத்தின் அவசர ஆணை அவர் இறந்த சில நாட்களில் பிறப்பிக்கப்பட்டது. உயிரோடு இருந்தவரை அது பிறக்கவில்லை. கொலை வழக்கில் 2024 மே மாதம் புணே நீதிமன்றம் சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்து மூவரை விடுவித்தது. துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியவர்கள் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2017 மார்ச் 16 அன்று கோவையில் கொல்லப்பட்ட பாரூக்கின் பெயரையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த அந்த இளைஞர், தான் பிறந்த இஸ்லாத்தையும் கடவுளையும் மறுத்ததற்காக அச்சமூகத்தைச் சேர்ந்த அடிப்படைவாதிகளால் வெட்டிக் கொல்லப்பட்டார். இதைப் பேசினால் சங் பரிவாரத்துக்கு ஆயுதம் தருவதாகிவிடும் என்று நம்மில் சிலர் தயங்குவதுண்டு. தயக்கம்தான் அவர்களுக்கு ஆயுதம். சிறுபான்மை மக்களின் உயிரையும் உரிமையையும் காக்க முன்வரிசையில் நிற்கும் கட்சி, அந்தச் சமூகத்துக்குள் ஐயுறுபவனின் உயிரையும் காக்கக் கடமைப்பட்டது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 'மதம் தனிமனிதரின் சொந்த விஷயம். கட்சி அதில் ஏன் தலையிட வேண்டும்?' என்று கேட்கும் தோழர்கள் லெனினைத் துணைக்கு அழைக்கின்றனர். 1905இல் 'சோஷலிசமும் மதமும்' கட்டுரையில் லெனின் சொன்னது வேறு. அரசைப் பொறுத்தவரை மதம் தனிமனிதரின் சொந்த விஷயமாக இருக்க வேண்டும். பாட்டாளி வர்க்கக் கட்சியைப் பொறுத்தவரை அப்படி இருக்க முடியாது என்றார். முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிற்பாதியை விழுங்குவது வசதியான வாசிப்பு. அதே லெனின் 1909இல், வேலைநிறுத்தம் ஒன்றின் நடுவே தொழிலாளர்களை நாத்திகர், கிறித்துவர் என்று பிரிக்கும் பிரச்சாரம் பாதிரிக்கும் முதலாளிக்குமே உதவும் என்றும் எச்சரித்தார். நம்பிக்கையுள்ள தொழிலாளியைக் கட்சியில் சேர்க்க வேண்டும், அவருடைய உணர்வைப் புண்படுத்தக் கூடாது, ஆனால் கட்சியின் உலகக் கண்ணோட்டத்தை அவருக்குக் கற்பிக்காமலும் இருக்கக் கூடாது என்பதே அவரது நிலை. இரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம் என்பதால் நாம் பெரும்பாலும் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைக் கைவிடுகிறோம்.

சிலர் கேலியைத் தேர்ந்தெடுக்கின்றனர். நெற்றியில் திருநீறு அணிந்து உறுப்பினர் கூட்டத்துக்கு வரும் துப்புரவுத் தொழிலாளியைப் பார்த்து, கையில் புத்தகமுள்ள தோழர் ஒருவர் புன்னகைக்கிறார். அந்தப் புன்னகை எந்தத் துண்டறிக்கையையும் விட விரைவாக ஊரெங்கும் பரவும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேரிப் பெண் ஒருத்தி அம்மனுக்கு நேர்ந்துகொள்கிறாள். அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லை, தனியார் மருத்துவமனைக்குக் கட்டப் பணமில்லை, விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. அவளுக்கு எஞ்சியிருப்பது அந்த நேர்த்திக்கடன் ஒன்றே. மதத்தை அபின் என்ற மார்க்ஸ், அதற்கு முன் ஒடுக்கப்பட்டவரின் துயரத்தைக் குறித்து என்ன சொன்னார் என்பதைப் படிக்காமல் அந்த ஒற்றைச் சொல்லோடு அவளிடம் போகிறவன் மார்க்சியவாதி அல்லன், படித்த மேட்டிமையாளன்.

ஆனால் இன்று நம்மை அரிக்கும் பெரிய நோய் கேலி அன்று, மௌனம். தேர்தல் வந்தால் திருவிழாப் பந்தலில் நம் தோழர் பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறார். வாக்கு போய்விடும் என்கிறார். மும்பையின் சால்களிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் நமது சங்கங்களும் படிப்பகங்களும் சுருங்கிய இடத்தில் கணேஷ் மண்டல்கள் வளர்ந்தன. தொழிலாளியின் பிள்ளைக்கு ஒன்றுகூட ஓரிடமும், கொட்ட ஒரு மேளமும், 'நாம்' என்று சொல்ல ஓர் அடையாளமும் அங்கே கிடைத்தன. ஆலைகள் மூடப்பட்டபோது அவனுக்கு நாம் அவற்றைத் தர முடியவில்லை. பந்தலில் போய் நிற்பதால் இழந்த இடம் திரும்பி வராது. பந்தல்காரர்களுக்கு இன்னொரு ஆள் கிடைப்பார், அவ்வளவே. நம்பிக்கையாளரோடு சேர்ந்து போராடுவது வேறு. அவருடைய நம்பிக்கையை நாமும் கொண்டிருப்பதாக நடிப்பது வேறு. முன்னது ஐக்கியம், பின்னது மோசடி. அதுவும் அந்த எளிய நம்பிக்கையாளரிடமே செய்யும் மோசடி.

ஆந்திரத்தின் கோரா 1940களில் காந்தியடிகளிடம் சென்று, தான் நாத்திகன், தீண்டாமை ஒழிப்புக்குத் தன் வழி அதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். காந்தி அவரை விரட்டவில்லை. கோராவின் மகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த இளைஞருக்கும் நடக்க இருந்த திருமணத்துக்காக, உறுதிமொழியில் கடவுளின் பெயருக்குப் பதில் சத்தியத்தின் பெயரை வைக்க இசைந்தார். காந்தி கொலையுண்ட சில வாரங்களில், 1948 மார்ச்சில், சேவாகிராமத்தில் அத்திருமணம் நடந்தது. நம் அரசியல் கோராவின் அரசியல் அன்று. இருப்பினும், ஒளிக்காமல் பேசியவருக்குக் கிடைத்த மரியாதை, பரிவட்டம் கட்டிய தோழர் எவருக்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

பெண் தோழர்களின் நிலையைத் தனியே எழுத வேண்டும். இங்கே ஒரு வரி மட்டும். ஆண் நாத்திகனானால் குடும்பம் அதை அவனுடைய 'கொள்கை' என்று பொறுத்துக்கொள்கிறது. மனைவி விரதத்தை நிறுத்தினால் அது கணவனின் ஆயுளுக்கு எதிரான குற்றமாகிறது. மேடையில் பொருள்முதல்வாதம் பேசிவிட்டு வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசைப் பொறுப்பை மனைவியிடம் விட்டுவைத்திருக்கும் தோழர்கள், பகத் சிங் செய்துகொண்ட சோதனையைத் தமக்கும் ஒருமுறை செய்துகொள்ளலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 வருகிறது. 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதோர் 28 லட்சத்துக்கும் மேல். இம்முறை கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, நம் பெயரைக் கேட்டதுமே மதத்தைத் தாமே ஊகித்து எழுதத் தொடங்குவார். மதம் இல்லை என்று கருதும் தோழர்கள் அந்த இடத்தில் அவரை நிறுத்தி, 'மதம் இல்லை' என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்ல வேண்டும். சாதி குறித்த வினாவுக்கான விடை வேறு. இடஒதுக்கீட்டுக்கும் சமூக நீதிக்கும் அக்கணக்கு தேவை என்பதால் அதை உள்ளபடியே தர வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் விளக்க, ஒவ்வொரு கிளையும் அதற்கு முன் ஒரு கூட்டம் நடத்தட்டும். அதே கூட்டத்தில் ஜீவாவின் மொழிபெயர்ப்பை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். திருநீறு அணிந்த தோழரும் அங்கே இருக்கட்டும். அவருடைய மறுப்பையும் கேட்போம்.